ராஸ்பெரி பை கம்ப்யூட்டரில் ஹோம் ஆட்டோமேஷன்: தண்ணீர் மோட்டாரிலிருந்து தொடங்குவோம்

ஹோம் ஆட்டோமேஷன் என்றவுடன் பலருக்கும் நினைவிற்கு வருவது, மொபைல் போனைத் தட்டினால் நிறம் மாறும் பல்பு தான். எங்கள் எடப்பாடி வீட்டில் அதற்கு வேலையில்லை. கீழே சம்ப், மொட்டை மாடியில் டேங்க், நடுவே ஒரு எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார். வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை. தறி ஓடும் சத்தத்தில் டேங்க் நிரம்பி வழிவதும் கேட்காது, சம்ப் வற்றி மோட்டார் வெறுமனே ஓடுவதும் கேட்காது. அம்மா ஒவ்வொரு முறையும் மாடிப்படி ஏறிப் பார்த்து வந்தார். நான் வேலை பார்ப்பதோ பெங்களூருவில். எனவே, ஒரு சிறிய கம்ப்யூட்டரை வீட்டிலேயே வைத்து மோட்டாரைக் கண்காணிக்கும்படி அமைத்தேன். அதற்கான வழிகளை இங்கு காணலாம்.

ஏன் வீட்டிலேயே ஹப்?

கடைகளில் கிடைக்கும் வை-பி ஸ்மார்ட் பிளக்குகளில் பல, தயாரித்த நிறுவனத்தின் சர்வர் வழியாக இயங்குபவை. நெட் இணைப்பு போனால் மொபைல் கட்டளை போய்ச் சேராது. நிறுவனம் சர்வரை மூடிவிட்டால் சாதனமே வீணாகலாம். ரிவால்வ் என்ற ஹோம் ஹப்பை வாங்கியவர்களுக்கு இது நடந்தது. 2014ல் கூகுளின் நெஸ்ட் நிறுவனம் ரிவால்வை வாங்கியது, 2016 மே மாதம் அதன் சேவை நிறுத்தப்பட்டது, ஹப்பும் செயலிழந்தது.

இதற்கு மாற்று, ஹோம் அசிஸ்டண்ட் என்னும் ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர். பவுலஸ் ஸ்கவுட்சன் என்பவர் 2013ல் இதனைத் தொடங்கினார். இதன் கட்டளைகள் நம் வீட்டிற்குள் உள்ள கம்ப்யூட்டரிலேயே இயங்குகின்றன.

என்னென்ன தேவை?

1. ராஸ்பெரி பை 4 அல்லது 5 போர்டு, அதற்குரிய பவர் அடாப்டர். பழைய மொபைல் சார்ஜர் வேண்டாம்.

2. 32 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட, தரமான மைக்ரோ எஸ்.டி. கார்டு.

3. ஜிக்பீ யு.எஸ்.பி. டாங்கிள், ஒரு யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிள். ஜிக்பீ என்பது வை-பியும் நெட்டும் இன்றிச் சாதனங்கள் பேசிக் கொள்ளும் ரேடியோ முறை. டாங்கிளை நேரடியாக போர்டில் செருகினால் யு.எஸ்.பி. 3 போர்ட்டின் இரைச்சல் சிக்னலைக் கெடுக்கும்.

4. ஜிக்பீ ரிலே, கிளாம்ப் மாடல் ஜிக்பீ எனர்ஜி மீட்டர்.

5. கான்டாக்டர், ஆட்டோ/மேனுவல் சுவிட்ச், இரண்டு ப்ளோட் சுவிட்சுகள்.

இன்ஸ்டால் செய்தல்

உங்கள் கம்ப்யூட்டரில் ராஸ்பெரி பை இமேஜர் புரோகிராமை இறக்கிப் பதிந்து கொள்ளவும். அதில் உங்கள் போர்டைத் தேர்ந்தெடுத்து, ஆப்பரேட்டிங் சிஸ்டம் பட்டியலில் ஹோம் ஆட்டோமேஷன் பிரிவில் உள்ள ஹோம் அசிஸ்டண்ட் ஓ.எஸ்.ஸைக் கிளிக் செய்து, கார்டில் எழுதவும். கார்டைப் போர்டில் செருகி, ஈதர்நெட் கேபிளால் ரூட்டருடன் இணைத்து, மின்சாரம் கொடுக்கவும். முதல் முறை மட்டும் நெட் இணைப்பு அவசியம்.

சில நிமிடங்கள் கழித்து, அதே ரூட்டரில் உள்ள கம்ப்யூட்டரின் பிரவுசரில் ஹோம்அசிஸ்டண்ட்.லோக்கல்:8123 என்ற முகவரியை ஆங்கில எழுத்துகளில், முன்னால் எச்.டி.டி.பி. சேர்த்து டைப் செய்து என்டர் தட்டவும். யூசர் நேம், பாஸ்வேர்ட் அமைத்தபின், செட்டிங்ஸ் சென்று டிவைசஸ் அண்ட் சர்வீசஸ் பிரிவில் ஜிக்பீ ஹோம் ஆட்டோமேஷனைச் சேர்க்கவும். பின் ரிலேயையும் மீட்டரையும் இணைக்கவும்.

மோட்டார் இணைப்பு

இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மெயின் ஆப் செய்யாமல் யாரும் தொடக்கூடாது. அவரிடம் சொல்ல வேண்டியவை இவை. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன ரிலே தாங்காது. எனவே ரிலே கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும். மோட்டாரைக் கான்டாக்டர் இயக்கும். டேங்க் நிரம்பினால் விடுபடும் ப்ளோட், சம்ப் வற்றினால் விடுபடும் ப்ளோட் இரண்டையும் காயில் லைனில் வரிசையாக இணைக்க வேண்டும். ஆட்டோ/மேனுவல் எந்தப் பக்கம் இருந்தாலும் இவை வேலை செய்ய வேண்டும். மீட்டரின் கிளாம்ப் மோட்டாருக்குப் போகும் பேஸ் வயரை மட்டும் சுற்றியிருக்கட்டும்.

இவ்வாறு அமைத்தால் ஹப் செத்துப் போனாலும் டேங்க் வழியாது; மோட்டாரும் காயாது. மேனுவலுக்குத் திருப்பி அம்மா எப்போதும் போல் போடலாம். என் கருத்தில் இதுவே முக்கிய விதி: பாதுகாப்பு வயரிங்கில் இருக்க வேண்டும், வசதி மட்டும் சாப்ட்வேரில் இருக்கலாம்.

ஆட்டோமேஷன் கட்டளைகள்

மோட்டார் சரியாக ஓடும்போது மீட்டர் காட்டும் வாட் அளவை ஒரு வாரம் குறித்து வையுங்கள். மின்னழுத்தம் மாறும்போது இதுவும் மாறும். பெற்றதில் மிகக் குறைந்த அளவிற்குச் சற்றுக் கீழே எல்லை வையுங்கள். சோதிப்பதற்காக மோட்டாரை வெறுமனே ஓட்ட வேண்டாம். பின் மூன்று கட்டளைகளை அமைக்கவும்.

முதலாவது: வாட் அளவு எல்லைக்குக் கீழே இறங்கி 30 விநாடி நீடித்தால் ரிலே ஆப்.

இரண்டாவது: ரிலே ஆன் ஆகி ஒரு நிமிடம் கழிந்தபின்னும் வாட் எல்லைக்குக் கீழேயே இருந்தால் ஆப். தொடக்கத்திலேயே தண்ணீர் ஏறாவிட்டால், மீட்டர் எல்லையைத் தாண்டி மேலே போவதில்லை. ஆகவே "கீழே இறங்கியது" என்ற முதல் கட்டளை இயங்காது. இதனைப் பலர் கவனிப்பதில்லை.

மூன்றாவது: வழக்கமாக டேங்க் நிரம்பும் நேரத்தைவிடச் சில நிமிடம் கூடுதலாக ஓடினால் ஆப்.

ஆப் ஆகும்போது வாட் பூஜ்யம் என்றால் ஏதோ ஒரு ப்ளோட் விடுபட்டிருக்கிறது. பூஜ்யமும் இல்லை, எல்லையையும் எட்டவில்லை என்றால் மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. இரண்டிற்கும் தனித்தனி செய்தி அனுப்பலாம். தறிச் சத்தத்தில் மொபைல் ஒலி கேட்காது என்பதால், பட்டறையில் ஒரு ஜிக்பீ பல்பை எரிய விட்டிருக்கிறேன். அப்பா பார்த்தவுடன் புரிந்து கொள்கிறார்.

மின்தடைக்குத் தயாராக

திடீரென மின்சாரம் போனால் கார்டில் உள்ள பைல்கள் கெடலாம். ஹப், ரூட்டர் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் வையுங்கள். ஹப் சுமார் 5 வாட் எடுப்பதாக வைத்தாலும் மாதம் 3.6 யூனிட் தான். ராஸ்பெரி பை 4ல் பேட்டரியுடன் கூடிய கடிகாரம் இல்லை. மின்சாரம் வந்தும் நெட் வராவிட்டால் நேரம் தவறாக இருக்கும். எனவே "காலை 6 மணிக்கு மோட்டார் போடு" போன்ற கட்டளையை நான் வைக்கவில்லை. மோட்டாரை மனிதர் போடட்டும். நிறுத்துவதை ஹப் பார்த்துக் கொள்ளட்டும். மின்சாரம் திரும்பும்போது ரிலே ஆப் நிலையிலேயே இருக்குமாறு, அந்த வசதி இருந்தால், செட் செய்திடவும்.

பேக்கப்பை ஹப்பிலேயே விடாமல் வேறு கம்ப்யூட்டரிலும் சேமிக்கவும். அதன் என்கிரிப்ஷன் கீயையும் பத்திரப்படுத்தவும். வெளியூரிலிருந்து பார்க்க, ரூட்டரில் போர்ட்டைத் திறக்காமல், டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என். பயன்படுத்தவும்.

முடிவாக, வீட்டில் உள்ளவர்களை அருகில் வைத்துக் கொண்டு மூன்று சோதனைகள் செய்யுங்கள். நெட் கேபிளைக் கழற்றுங்கள். ஆட்டோமேஷன் ஓட வேண்டும். ஹப்பை முறையாக ஷட்-டவுன் செய்யுங்கள். மேனுவலில் மோட்டார் ஓட வேண்டும். மெயினை ஆப் செய்து மீண்டும் போடுங்கள். மோட்டார் தானாகக் கிளம்பக் கூடாது. மூன்றிலும் தேறினால் மட்டும், அடுத்ததாக விளக்கு, மின்விசிறி என்று கை வைக்கலாம்.