நாலு பாலத் தூரம்

ஜொகூர் பாரு

அன்புள்ள கயல்,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளியை மூன்று தடவை பார்த்தேன். "மாமா, ஓடிக்கிட்டே இருக்கே, முடியவே மாட்டேங்குதே, எதுக்கு இவ்ளோ தூரம்?" என்று கேட்டிருந்தாய். போனில் பதில் சொன்னால் உன் அம்மா நடுவில் பிடுங்கிக்கொள்வாள். "படிக்கிற பிள்ளைக்குக் குதிரைப் பந்தயம் எதுக்குண்ணே?" என்பாள். அவள் பயத்துக்குத் தமிழும் ஒரு காரணம். பந்தயம் என்ற ஒரே சொல்தான் ஓட்டத்துக்கும், பணம் கட்டுவதற்கும். உன் தாத்தா இரண்டாவது அர்த்தத்தில் நிறைய ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தவர். நான் எழுதுவது முதல் அர்த்தத்தைப் பற்றி மட்டும் என்று அவளிடம் சொல்லிவிடு.

நீ பார்த்தது பாரிஸின் லோங்ஷாம் மைதானத்தில் நடக்கும் 'ப்ரீ டு கட்ரான்'. 4000 மீட்டர். இந்தத் தூரம் உனக்குப் பிடிபட வேண்டுமானால் நம் ஜொகூர் பாலத்தை வைத்து அளந்து பார். பாலம் 1056 மீட்டர். ஆக, ஏறக்குறைய நாலு பாலம். விடுமுறை நாளில் பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு பாலத்தைக் கடக்க நமக்கு ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது. அந்தக் குதிரைகள், முதுகில் ஆளையும் சேணத்தையும் சுமந்துகொண்டு, நாலையும் சுமார் நாலரை நிமிடத்தில் முடித்துவிடுகின்றன.

ஏன் இவ்வளவு தூரம்? பட்டாளத்துக்காக. 1805இல் நெப்போலியன் நாடு முழுதும் குதிரைப் பந்தயங்கள் நடத்த ஆணையிட்டது வேடிக்கை பார்க்க அல்ல. எந்தக் குதிரை தாங்கும், எது பாதியில் படுத்துவிடும் என்று கண்டறிந்து, தாங்குவதிலிருந்து குட்டி எடுப்பதற்காக. கட்ரான் 1837இல் தொடங்கிய இடமும் ஷாம் டு மார்ஸ் என்ற பட்டாள மைதானம்தான். இன்று அதன் ஒரு முனையில் ஈஃபெல் கோபுரம் நிற்கிறது. 1857இல் லோங்ஷாம் திறந்தது. பெரிய ஓட்டங்களெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன.

லோங்ஷாம் வாசலில் ஒரு குதிரைக்குச் சிலை இருக்கிறது. பெயர் கிளாடியாத்தர். குட்டியாக இருந்தபோதே காலில் கோளாறு. வாழ்நாள் முழுதும் அவ்வப்போது நொண்டியது. அந்தக் கால்களோடு 1865இல் இங்கிலாந்தில் டெர்பி உட்பட அவர்களுடைய மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றது. அதற்கு முன் டெர்பியை எந்த வெளிநாட்டுக் குதிரையும் வென்றதில்லை. வாட்டர்லூ போரில் பிரான்ஸ் தோற்று அப்போது சரியாக ஐம்பது வருடம். 'வாட்டர்லூவுக்குப் பழிதீர்த்தவன்' என்று பட்டமே கட்டிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அடுத்த வருடத்துக் கதை. ஆஸ்காட் தங்கக் கோப்பை. அதுவும் நாலு பாலத் தூரம். ஜாக்கி கிரிம்ஷா, காலைப் பற்றிய கவலையில், குதிரையைப் பிடித்துப் பிடித்து ஓட்டினார். ஒரு கட்டத்தில் முன்னால் போனவற்றுக்கும் இதற்கும் முந்நூறு கஜத்துக்குக் கிட்ட இடைவெளி. பார்த்தவர்கள் அவ்வளவுதான் என்று நினைத்திருப்பார்கள். பிறகு கடிவாளத்தைத் தளர்த்தினார். நாற்பது குதிரை நீளத்தில் வெற்றி.

நெடுந்தூர ஓட்டத்தின் சூட்சுமம் அந்தக் கடிவாளத்தில்தான் இருக்கிறது. குதிரை மந்தை விலங்கு. பக்கத்தில் ஒன்று பாய்ந்தால் தானும் பாயும். பாயவிட்டால் மூன்றாவது பாலத்தில் மூச்சு தீர்ந்துவிடும். பாய்ச்சலில் குதிரை ஓர் அடிக்கு ஒரு மூச்சுத்தான் விடும். அடியும் மூச்சும் பூட்டிக்கொண்டவை. அவசரம் என்று நடுவில் இன்னொரு மூச்சு வாங்க அதனால் முடியாது. நாலு கிலோவுக்கும் மேல் எடையுள்ள இதயம் நிமிடத்துக்கு இருநூறு தடவைக்கு மேல் துடிக்கும். மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்திருந்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டும். உன் உயிரியல் ஆசிரியரிடம் இதைக் கேள், வகுப்பு கலகலப்பாகும்.

கிளாடியாத்தர் கடைசியாக வென்ற பாரிஸ் பந்தயம் 6200 மீட்டர், ஆறு பாலம்! பின்னால் அதற்கே அதன் பெயரை வைத்தார்கள். இன்றும் அது நடக்கிறது. தூரம் 3100 மீட்டர். நேர் பாதி. பட்டாளத்துக்கு லாரி வந்துவிட்டது, தாங்கும் குதிரை யாருக்கும் தேவைப்படவில்லை. முதலாளிக்குப் போட்ட பணம் சீக்கிரம் திரும்ப வேண்டும். இரண்டு வயதிலேயே ஓடி, 1200 மீட்டரில் பரிசு வாங்கும் குதிரைக்குத்தான் கிராக்கி. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவைப் பார்த்தே ஒரு குதிரை குறுந்தூரத்துக்கா, நெடுந்தூரத்துக்கா என்று ஓரளவு சொல்லிவிடலாம் என 2010இல் அயர்லாந்தில் கண்டுபிடித்தார்கள். சந்தை எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு மரபணுச் சோதனை தேவையில்லை. நான் இதை நஷ்டமென்றுதான் நினைக்கிறேன். ஒரு நிமிடத்தில் முடிகிற ஓட்டத்தில் கதை எங்கே இருக்கிறது?

நம் பக்கத்துப் பெருமையும் குறுந்தூரம்தான். சிங்கப்பூரின் ராக்கெட் மேன் 2011இல் துபாயில் வென்றது 1200 மீட்டர். அதைக் குறை சொல்ல மாட்டேன், அவ்வளவு அழகான ஓட்டம்.

சிங்கப்பூரின் தேக்காவில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போவோமே, ரேஸ்கோர்ஸ் ரோடு. அது வெறும் பெயரல்ல. 1843 முதல் அங்கேதான் குதிரைகள் ஓடின. 1933இல் புக்கிட் தீமாவுக்கு மாறின. 1999இல் கிராஞ்சிக்கு, நம் நீரிணையின் அக்கரைக்கே வந்துவிட்டன. அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை இரவு ஓட்டம் என்றால் அந்தப் பக்கத்து வானம் வெளுத்திருக்கும். சின்ன வயதில் "அங்கே என்ன மாமா வெளிச்சம்?" என்று நீயே கேட்டிருக்கிறாய். சிங்கப்பூர் தங்கக் கோப்பை தொடங்கியது 1924இல், நம் பாலம் முறைப்படி திறக்கப்பட்ட அதே வருடம். பாலம் இருக்கிறது. கோப்பை 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசியாக ஓடியது. கிராஞ்சி நிலம் அரசாங்கத்துக்குத் திரும்புகிறது, வீடுகள் வரும். குதிரைகள் பல மலேசியாவுக்கு வந்தன. 1864இல் தொடங்கிய பினாங்குக் குதிரைப் பந்தயக் கழகமும் 2025இல் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. தீபகற்பத்தில் மிச்சம் ஈப்போவும் சுங்கை பெசியும்.

அதே அக்டோபர் 5, சனிக்கிழமை. கிராஞ்சியில் கூட்டம் கலைந்த அன்றிரவு பாரிஸில் கட்ரான் ஓடியது. வென்றது கிப்ரியோஸ் என்ற அயர்லாந்துக் குதிரை. 2022இலும் அதுதான் வென்றது. அந்த வருடம் கடைசி நேர்ப்பாதையில் நேராக ஓடாமல் மைதானத்தின் குறுக்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய், அப்படியும் இருபது நீளத்தில் ஜெயித்தது! பிறகு கால் மூட்டில் தொற்று. பிழைப்பதே கஷ்டம் என்றார்கள். மீண்டு வந்து 2024இல் ஓடிய ஏழு பந்தயங்களையும் வென்றது. அந்த இரண்டு ஓட்டங்களையும் தேடிப் பார், 2022ஐ முதலில்.

கட்ரான் அக்டோபர் தொடக்கத்தில் வரும். நமக்கு இரவு நேரம். அம்மாவிடம் சொல்லிவிட்டு விழித்திரு. முதல் மூன்று பாலம் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். போனைத் தள்ளிவிடாமல், ஜாக்கியின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிரு.

அன்புடன்,
மாமா