கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உங்கள் குழந்தை



குறைமாதத்தில் பிறந்த குழந்தையைப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். தாய் பிரசவ வார்டில் படுத்திருக்கிறாள். தகப்பன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ராத்திரி ஷிப்டு முடித்து, பஸ் பிடித்துத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறார். "கொழந்தைய பாத்தீங்களா?" என்று அவள் கேட்கிறாள். "கண்ணாடி வழியா ஒரு நிமிஷம் பாத்தேன்" என்கிறார். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வருவதில்லை.

செல்போன் இதற்கு உதவுமா என்று சிலர் கேட்கிறார்கள். காமிராவில் தெரியும் நிஜ இடத்தின் மேலேயே ஒரு பொம்மை நிற்பதுபோல் காட்டும் வித்தை வந்திருக்கிறது. மிகை மெய்ம்மை என்பார்கள். 2016-ல் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து மாட் குழந்தைகள் மருத்துவமனையில் 'போக்கிமான் கோ' என்ற இவ்வகை விளையாட்டைப் பயன்படுத்தினார்கள். நோயாளிப் பிள்ளைகள் பொம்மையைத் தேடிக் கட்டிலை விட்டு இறங்கி நடந்தார்கள். பெற்றவர்களுக்கு அது எவ்வளவு ஆறுதல்! வளர்ந்த பிள்ளைக்கு நல்லதுதான். பிறந்த குழந்தைக்குப் பொம்மை தெரியாது. நெஞ்சுச்சூடு தெரியும்.

அதற்குத்தான் கங்காரு பராமரிப்பு. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் 1978-ல் தொடங்கியது இது. குழந்தைக்குத் தொப்பி, காலுறை, இடுப்புத்துணி மட்டும் போட்டு, தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திப் படுக்க வைப்பார்கள். முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கும், மூக்கு அடைபடாது. மேலே துணியால் கட்டிவிடுவார்கள். தாய் அசந்துபோனால் தகப்பனும் சட்டையைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம், பாட்டியும் செய்யலாம். இதில் வெட்கம் என்ன?

இது வெறும் ஆறுதல் இல்லை. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உள்பட 5 நாடுகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. 1,800 கிராமுக்கும் குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே இதைத் தொடங்கினார்கள். நிலைமை தேறும்வரை காத்திருந்து தொடங்கிய குழந்தைகளில் 28 நாளைக்குள் 100-க்குச் சுமார் 16 பேர் இறந்தார்கள். உடனே தொடங்கியவர்களில் இறந்தது 12 பேர். ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது.

"உள்ள விடமாட்டாங்க" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து, குழந்தையின் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய அரசின் 2017 வழிகாட்டுதலே இருக்கிறது. "சிஸ்டர், நாங்க எப்ப உள்ள வரலாம்? கங்காரு முறை எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று கேளுங்கள். மூச்சுத்திணறல் கடுமையாக இருந்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்வார்கள்.

கம்பெனி உடுப்போடு போகாதீர்கள். குளித்து, மாற்றுத்துணி உடுத்திப் போங்கள். மோதிரம், வளையல் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு வெளியிலேயே இருங்கள்.

ஷிப்டு இருக்கும் நாளில், நர்சம்மா சம்மதித்தால், தாய் போனில் குழந்தையைக் காட்டலாம். பக்கத்துக் குழந்தை படத்தில் விழக்கூடாது. அப்பாவும் சாப்பாட்டு இடைவேளையில் பாருங்கள், மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு வேண்டாம்.