மருந்து வைத்து வலி வரவைக்கும்போது மனசுக்கு ஒரு பயிற்சி
(இரண்டாவது பிள்ளைக்குக் காத்திருக்கும் தாய்மாருக்கான பாடம்)



கிளினிக்குக்குப் போன இடத்தில், "திகதி தாண்டிப் போச்சு, வார்டில் வந்து தங்குங்க, மருந்து வைத்து வலி வரவைப்போம்" என்று டாக்டர் சொன்னால் நம்மில் பலருக்கு அன்று இரவே தூக்கம் போய்விடும். முதல் பிள்ளைக்காரி தெரியாததை நினைத்துப் பயப்படுகிறாள். இரண்டாவது பிள்ளைக்காரியின் பயம் வேறு. அவளுக்கு எல்லாம் தெரியும், பட்டதெல்லாம் ஞாபகத்தில் இருக்கும். அதோடு பக்கத்துக் காம்பராக்காரர்கள், "மருந்து போட்டு வரவைக்கிற வலி, தானா வர்ற வலியை விட பத்து மடங்கு" என்று சொல்லி வைத்திருப்பார்கள். பத்து மடங்கு என்று எந்தத் தராசில் நிறுத்துப் பார்த்தார்களோ தெரியாது.

அந்தப் பயத்தைக் குறைக்க ஒரு பயிற்சியை இந்தப் பாடத்தில் பார்ப்போம். இதற்குப் பெயர் ஹிப்னோடிசம். தமிழில் அறிதுயில் என்பார்கள். பெயரைக் கேட்டதும் மேடையில் ஆளைத் தூங்க வைத்து ஆட்டுகிற வித்தை என்று நினைக்க வேண்டாம். மந்திரமும் இல்லை, திருவிழாவில் அருள் வந்து ஆடுவதும் இல்லை. இதைத் தாய் தனக்குத்தானே செய்துகொள்வாள். மற்றவர் கையில் தன்னை ஒப்படைப்பது இல்லை.

வார்டில் என்ன நடக்கும்?

41 கிழமை ஆகியும் வலி வராவிட்டாலும், பனிக்குடம் உடைந்து வலி தொடங்காவிட்டாலும், தாய்க்குச் சீனி வருத்தமோ பிரஷரோ இருந்தாலும் வலியை வரவைக்க டாக்டர் முடிவு செய்யலாம். முதலில் கர்ப்பப்பையின் வாய் இளகி கொஞ்சம் திறக்க வேண்டும். அதற்காக உள்ளே ஒரு மாத்திரை வைப்பார்கள். அல்லது மெல்லிய றப்பர் குழாய் ஒன்றை வைத்து, அதன் நுனியில் உள்ள சின்னப் பலூனைத் தண்ணியால் நிரப்பி விடுவார்கள். வாய் திறந்ததும் அந்தப் பலூன் தானாகக் கழன்று விழும். இதற்குச் சில மணித்தியாலம் ஆகலாம், ஒரு ராத்திரி முழுக்கவும் ஆகலாம். பிறகு பனிக்குடத்தை உடைத்து, தேவையென்றால் சேலைனில் ஒக்சிடோசின் என்ற மருந்தை ஏற்றுவார்கள்.

இந்த ஒக்சிடோசின் நம் உடம்பே சுரக்கிற ஒன்றுதான். பிள்ளை பால் குடிக்கும்போது மார்பில் பால் இறங்குவதும் இதனால்தான். வின்சென்ட் டு விக்னோட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1953இல் இதை ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார். 1955இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருந்தைக் கொஞ்சமாக ஆரம்பித்து, வலியைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். தானாக வருகிற வலி பெரும்பாலும் மெதுவாக ஏறும். மருந்தில் வரும் வலி சீக்கிரமே நெருங்கி நெருங்கி வரலாம். பக்கத்துக் காம்பரா கதையில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லாத ஒன்றும் இருக்கிறது: இந்த மருந்தின் ஓட்டத்தைக் குறைத்தால் சில நிமிடத்திலேயே அதன் வேகமும் குறையத் தொடங்கும்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். நல்ல வலி என்றால் 10 நிமிடத்துக்கு 3 அல்லது 4 தடவை வரும். ஒரு தடவை வந்தால் ஏறக்குறைய 1 நிமிடம் நிற்கும். அப்படியானால் 10 நிமிடத்தில் வலி 4 நிமிடம், ஓய்வு 6 நிமிடம். பயந்த தாய் அந்த 6 நிமிடத்தையும் அடுத்த வலியை நினைத்து உடம்பை இறுக்கிக்கொண்டு கழிக்கிறாள். அவளுக்கு 10 நிமிடமும் வலிதான். நம் பயிற்சி முக்கியமாக அந்த 6 நிமிடத்தைத் திருப்பி எடுப்பதற்காகத்தான்.

இங்கிலாந்து டாக்டர் கிராண்ட்லி டிக்-ரீட் இதைத்தான் 1933இலும் 1942இலும் வெளியிட்ட புத்தகங்களில் எழுதினார். பயம் உடம்பை இறுக்கும், இறுகிய உடம்பு வலியைக் கூட்டும், கூடின வலி மறுபடி பயத்தைக் கூட்டும் என்றார். வலியே பயத்தால்தான் வருகிறது என்று சிலர் இதை இழுத்துச் சொல்வார்கள். அது சரியில்லை. பிள்ளை பெறுவது வலிக்கத்தான் செய்யும், அதில் தாயின் குற்றம் ஒன்றும் கிடையாது.

நமக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தை

அறிதுயில் புதுசு இல்லை. மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது கை தன்பாட்டில் எடுத்துக்கொண்டே இருக்கும், மனசு வேறெங்கோ போயிருக்கும். மகளின் பள்ளிக்கூடச் செலவோ, ஊரில் இருக்கிற அம்மாவோ நினைவில் ஓடும். திரும்பிப் பார்த்தால் கூடை பாதி நிறைந்திருக்கும். குளிர், அட்டைக்கடி, கூடையின் பாரம் ஒன்றும் அந்த நேரம் தெரியாது. ஆனால் கங்காணி பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே "இங்க இருக்கேன்" என்போம். அந்த நிலைதான் இது. அதை வேண்டிய நேரத்தில் வரவைக்கப் பழகுவதுதான் பாடம்.

7 மாதம் முடிந்ததும், சுமார் 32 கிழமையில் தொடங்குங்கள். தினமும் 15 நிமிடம் போதும். வலி வந்த பிறகு தொடங்கினால் சரி வராது. லயத்தில் சத்தம் என்று தள்ளிப் போடாதீங்க. பக்கத்தில் டீவி ஓடட்டும், மூத்த பிள்ளை கத்தட்டும். பிரசவ அறையிலும் அமைதி கிடைக்காது, சத்தத்திலேயே பழகியது அங்கே கைகொடுக்கும். இடது பக்கம் சரிந்து படுங்கள், அல்லது சாய்ந்து உட்காருங்கள். வயிறு பெருத்த காலத்தில் மல்லாந்து நேராகப் படுக்க வேண்டாம். சேலைன் ஏறும்போது ஒரு கையை ஆட்ட முடியாது, அதனால் வீட்டிலும் ஒரு கையை அசைக்காமல் வைத்தே பழகுங்கள்.

கண்ணை ஒரு இடத்தில் நிறுத்துங்கள். கூரைத் தகரத்தில் ஒரு ஆணி இருந்தாலும் போதும். மூக்கால் 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, வாயால் 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். அவசரமாக மூச்சு வாங்கினால் தலை சுற்றும், விரல் விறுவிறுக்கும். இமை கனத்ததும் மூடுங்கள். 10இலிருந்து 1 வரை கீழே எண்ணுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு உறுப்பைத் தளர விடுங்கள்: நெற்றி, தாடை, தோள், கை, இடுப்பு, தொடை, பாதம். தாடையை மறக்காதீங்க. பல்லைக் கடித்தால் கூடவே இடுப்பும் இறுகுவதை நீங்களே கவனிக்கலாம்.

எண்ணி முடித்ததும் உங்களுக்குப் பிடித்த இடத்துக்கு மனசால் போங்கள். ஓடைக்கரை, கோயில் வாசல், அம்மா வீட்டு இஸ்தோப்பு, எதுவும் சரி. அங்கே என்ன தெரிகிறது, என்ன வாசம் வருகிறது, காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அங்கே நிற்கும்போது பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் கொழுந்து கிள்ளுவது போல அழுத்துங்கள். தினமும் இப்படிச் செய்தால், பிறகு விரலை அழுத்தியதுமே உடம்பு தளரப் பழகும். ஆஸ்பத்திரியில் இதுதான் உங்கள் சாவி.

இன்னொன்று கையை மரக்க வைப்பது. தை மாதத்துப் பனியில் விடியக்காலை மலைக்குப் போய், ஈரக் கொழுந்தில் விரல் மரத்துப் போகுமே, அதை நினையுங்கள். வலது கை அப்படியே குளிர்ந்து மரத்துப் போகிறது என்று ஐந்து நிமிடம் நினைத்திருங்கள். பிறகு அந்தக் கையை அடிவயிற்றில் வைத்து, அந்த மரப்பு உள்ளே இறங்குகிறது என்று எண்ணுங்கள. முதல் இரண்டு கிழமையில் சிரிப்புத்தான் வரும், பரவாயில்லை. முடிக்கும்போது 1இலிருந்து 5 வரை எண்ணிக் கண்ணைத் திறங்கள்.

வலி வரும்போது அதை ஒரு ஏற்றமாக நினையுங்கள். மலைப்பாதையில் ஏறுகிறோம், உச்சி வந்ததும் இறங்குகிறோம். 4 இழுத்து 6 விட்டால் ஒரு ஏற்றம் 6 அல்லது 7 மூச்சில் முடிந்துவிடும். கூட இருக்கிறவர் "வலிக்காது" என்று சொல்லக் கூடாது. வலித்ததும் அந்த வார்த்தையில் நம்பிக்கை போய்விடும். "ஏறுது, இப்ப இறங்கும்" என்று சொன்னால் போதும். துணைக்கு ஒருவரைச் சில ஆஸ்பத்திரிகளில் உள்ளே விடுகிறார்கள். கிளினிக்கிலேயே முன்கூட்டிக் கேட்டு வையுங்கள்.

சிங்களப் பேச்சும் சாவியாகலாம்

நம் தாய்மாரில் பலருக்குப் பெரிய பயம் வலியை விட பாஷைதான். நர்ஸ் சத்தமாக ஏதோ சொல்கிறார், திட்டுகிறாரா சொல்லித் தருகிறாரா என்று புரிவதில்லை. மனசு அந்த இடத்தில் குலைந்து போகும். அதனால் பயிற்சி செய்யும்போதே அந்த வார்த்தைகளைக் கேட்டுப் பழகுங்கள். சிங்களம் தெரிந்த வீட்டுக்காரரோ நாத்தனாரோ "ஹுஸ்ம கன்ன" என்று சொல்லட்டும். மூச்சு எடுங்கள் என்று அர்த்தம். "பய வென்ன எப்பா" என்றால் பயப்பட வேண்டாம். "முக்கன்ன" என்றால் முக்குங்கள். ஒவ்வொரு தடவையும் "ஹுஸ்ம கன்ன" என்றதும் நீங்கள் விரலை அழுத்தி மூச்சு விட்டால், அங்கே நர்ஸ் போடும் சத்தமே உங்களைத் தளர வைக்கும்.

போன முறை பயந்து நடுங்கிய ஒரு தாய், சீனி வருத்தத்தால் இரண்டாவது பிள்ளைக்கு மருந்து வைக்க வேண்டி வந்தது. 6 கிழமை பழகிவிட்டுத்தான் போனார். வந்த பிறகு, "வலி இல்லன்னு சொல்ல மாட்டேன் மிஸ். வந்துச்சு. ஆனா வலி இல்லாத நேரத்துல நான் பயந்துக்கிட்டு கெடக்கல" என்றார். கடைசியில் வலி ஊசியும் கேட்டுப் போட்டுக்கொண்டார். அதில் தோல்வி எதுவும் இல்லை. பயிற்சி செய்தோமே என்று மருந்தை மறுக்க வேண்டியதில்லை.

ஆராய்ச்சிகளும் ஏறக்குறைய இதையே காட்டுகின்றன. 2015இல் இங்கிலாந்தில் 680 முதல் பிள்ளைத் தாய்மாரை வைத்து ஒரு ஆய்வு வெளிவந்தது. முதுகில் போடும் எபிடூரல் ஊசி கேட்டவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 27.9 வீதம், பெறாதவர்களில் 30.3 வீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பயமும் பதற்றமும் தாங்கள் எதிர்பார்த்ததை விடக் குறைவாக இருந்ததாகப் பயிற்சி பெற்ற தாய்மார் பிறகு சொன்னார்கள். 2016இல் 9 ஆய்வுகளை, மொத்தம் 2,954 பெண்களை, சேர்த்துப் பார்த்ததில் வலிமருந்துத் தேவை ஓரளவு குறையலாம் என்று தெரிந்தது. ஆகவே யாராவது காசு வாங்கிக்கொண்டு "வலியே இல்லாமல் பெற வைக்கிறேன்" என்றால் நம்பாதீங்க. மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் வலிப்பு உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டே இதைத் தொடங்க வேண்டும்.

அமைதியாக இருப்பதிலும் ஒரு ஆபத்து

இதை எல்லாருக்கும் அழுத்திச் சொல்கிறேன். சத்தம் போடாத தாயைப் பார்த்து, இவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று வார்டில் நினைத்துவிடலாம். இரண்டாவது பிள்ளையோ பெரும்பாலும் முதல் பிள்ளையை விட வேகமாக வரும். முக்க வேண்டும் போல வந்தால் கண்ணைத் திறந்து உடனே சொல்லுங்கள். "பபா எனவா" என்றாலே ஓடி வருவார்கள். இரத்தம் போனால் "லே யனவா". வலிக்கு நடுவில் ஓய்வே இல்லாமல் தொடர்ந்து இறுகி நின்றாலும், பிள்ளையின் துடிப்பு குறைந்தாலும், கடும் தலைவலியோடு கண் மங்கினாலும் பயிற்சியை விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். முதல் பிள்ளை ஒப்பரேஷன் என்றால் வார்டில் சேரும்போதே சொல்ல வேண்டும். தழும்புள்ள கர்ப்பப்பைக்கு இந்த மருந்துகளை எல்லாம் கொடுக்க முடியாது.

வார்டுக்குப் போகுமுன் மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, பிள்ளைக் காம்பராவுக்கு யார் கொண்டு விடுவது என்று பேசி முடித்துவிடுங்கள். அந்தக் கவலை இருந்தால் எத்தனை எண்ணினாலும் மனசு தளராது. சட்டப்படி உள்ள 84 நாள் பிரசவ லீவில் 2 கிழமையைப் பேறுகாலத்துக்கு முன்பே எடுக்கலாம். பயிற்சிக்கும் அது நல்ல நேரம்.

பிள்ளை பிறந்த பிறகும் விரல் சாவியைத் தூக்கிப் போடாதீங்க. பால் கொடுக்கும்போது கர்ப்பப்பை சுருங்குவதால் வயிற்றைப் பிடித்து இழுக்கும். இந்த நோவு முதல் பிள்ளையை விட இரண்டாவதுக்குக் கூடுதலாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் குறையும். அப்போதும் அதே 4, அதே 6. இரத்தப்போக்கு கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ மட்டும் மூச்சை எண்ணிக்கொண்டு இருக்காமல் மருத்துவமாதுக்கு அன்றைக்கே சொல்லி அனுப்புங்கள்.