ஆங்கில மரபுத்தொடர் அறிவோம்: ‘டேம் த டார்பீடோஸ்’

இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் விளங்காது. ‘டேம்’ சபிக்கும் சொல். ‘டார்பீடோ’ என்பது இன்று நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் ஆயுதம். முன்னாளிலோ நீரில் கட்டிவைத்த கண்ணிவெடியையே அவ்வாறு அழைத்தனர்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 ஆகஸ்டு 5ஆம் நாள், வடபகுதிக் கடற்படைத் தளபதி டேவிட் ஃபாரகட் அலபாமா மாநிலத்தின் மொபீல் விரிகுடாவினுள் நுழைந்தார். முன்சென்ற ‘டெக்கம்சே’ என்னும் கவசக் கப்பல் கண்ணிவெடியில் மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. 90 பேருக்கு மேல் மாண்டனர். பின்வந்த கப்பல்கள் தயங்கின. கோட்டைப் பீரங்கிகளின் முன்னே தயங்கி நிற்பதும் அழிவே. அப்போது ஃபாரகட், “கண்ணிவெடியாவது மண்ணாங்கட்டியாவது, முன்னேறுங்கள்!” என்னும் கருத்துப்பட ஆணையிட்டார் என்பர். அவர் வாயினின்று வந்த சொற்கள் எவை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கப்பல்கள் கடந்தன, வெற்றியும் கிட்டியது.

நெடுநாள் நீரில் ஊறிய வெடிகள் பல பழுதாகியிருக்கும் என்று அவர் கணித்திருந்தார். இத்தொடரை ஆள்வோர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர்!

‘டேம்’ கடுஞ்சொல்லாதலால் மனுக்களிலும் மேலாளரிடம் பேசுகையிலும் இத்தொடரைத் தவிர்த்தல் நன்று. பிறர் கூறக் கேட்டால், பாராட்டா பழிப்பா என்பதை இடம் நோக்கி உணர வேண்டும். கையுறையும் முகமூடியுமின்றிக் களைக்கொல்லி தெளிக்கும் தொழிலாளியைப் பார்த்துப் பாதுகாப்பு அதிகாரி இவ்வாறு சொன்னால், அது வீரத்துக்குக் கிடைத்த புகழ்ச்சியன்று.