குளியல் தொட்டிக் குழாய்: எந்த மூட்டை எது அடைக்கிறது?

பிரிட்டனில் பிளம்பிங் படித்துவிட்டுத் தனியாக வேலைக்கு இறங்கும் நம் பிள்ளைகளுக்கு முதலில் வந்து சேரும் வேலைகளில் ஒன்று, குளியல் தொட்டிக்குப் பழைய குழாயைக் கழற்றிப் புதியது மாட்டுவது. கேஸ் பாய்லரில் கை வைக்க ‘கேஸ் சேஃப்’ பதிவு வேண்டும்; குழாய்க்கு அப்படி எதுவும் கேட்பதில்லை. பார்க்க எளிய வேலை. ஆனால் “லீக் ஆகுது, வந்து பாருங்க” என்று மறுநாள் ஃபோன் வருவதும் இதற்குத்தான். கூலி இல்லாத அந்த இரண்டாவது நடையில் முதல் நாள் சம்பாதித்தது போய்விடும்.

ஸ்பானரை எடுக்கும் முன் குழாய் வந்த டப்பாவைப் படியுங்கள். பரணில் தண்ணீர்த் தொட்டி வைத்த வீடுகள் அங்கே இன்னும் உண்டு. ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் வெறும் 0.1 பார். குழாய்க்கு 2 மீட்டர் மேலே தொட்டி இருந்தால் 0.2 பார்தான். ‘குறைந்தது 1 பார்’ என்று போட்ட மிக்ஸரை வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கி வைத்திருந்தால், மாட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நூல் மாதிரி தண்ணீர் வந்த பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

தண்ணீரை நிறுத்தும் ஸ்டாப் காக் பெரும்பாலும் சமையலறை சிங்க் அடியில் இருக்கும். காம்பி பாய்லர் வீட்டில் அதை மூடினால் சுடுதண்ணீரும் நின்றுவிடும். பரண் தொட்டி வீட்டில் தனியாக ஒரு கேட் வால்வு இருக்கும். பழையது என்றால் சுற்றும், மூடாது. நட்டைத் தளர்த்தும் முன் குழாயைத் திறந்து, தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். தொட்டிக் குழாயின் வால் முக்கால் இஞ்ச் த்ரெட். தரையிலிருந்து வரும் செம்புப் பைப் 22 மில்லிமீட்டர். இரண்டையும் இணைப்பது பின்னல் போட்ட ஃப்ளெக்ஸிபிள் ஹோஸ். ஹோஸ் ஒன்றுதான், ஆனால் இரண்டு முனையிலும் அடைப்பு வேறு வேறு. மேல் முனையில் அடைப்பது நட்டுக்குள் இருக்கும் வாஷர். அது குழாய் வாலின் தட்டையான விளிம்பில் உட்கார்ந்தால் போதும். கையால் இறுக்கி, ஸ்பானரால் கால் சுற்று. அங்கே த்ரெட்டில் டெஃப்லான் சுற்றுவது வீண். சில நேரம் அதுவே நட்டை முழுதாக ஏறவிடாமல் தடுத்துக் கசிவை உண்டாக்கும். புதியவர்கள் எல்லாரும் செய்வது இதுதான்: பயம் வந்தால் டேப்!

கீழ் முனை கம்ப்ரஷன் ஃபிட்டிங். அங்கே அடைப்பது ‘ஆலிவ்’ என்ற வளையம். நட்டு இறுகும்போது ஆலிவ் நசுங்கிப் பைப்பைக் கவ்விக்கொள்ளும். நட்டின் வேலை அழுத்துவது மட்டுமே. எனவே த்ரெட்டில் டேப் சுற்றிப் பயனில்லை; மனசு கேட்காவிட்டால் ஆலிவ் மேல் கொஞ்சம் ஜாயிண்டிங் பேஸ்ட் தடவலாம். பைப்பை ஹாக்ஸா பிளேடால் அறுக்காமல் கட்டரால் வெட்டுங்கள், பிசிறு எடுங்கள், பெயின்ட்டைச் சுரண்டுங்கள். பைப்பை உள்ளே முட்டும் வரை தள்ளி, கையால் இறுக்கிய பின் முக்கால் சுற்று, அதிகம் போனால் ஒரு சுற்று. ஒரு ஸ்பானர் நட்டில், இன்னொன்று ஃபிட்டிங் உடம்பில். ஒற்றை ஸ்பானரால் முறுக்கினால் பைப்போடு சேர்ந்து எல்லாமே திரும்பும். கசிந்தால் இன்னும் சிறிது மட்டும் இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் ஆலிவ் வளைந்து, பைப்பையே வெட்டிப் போட வேண்டி வரும்.

பழைய வீடுகளில் ஒரு பொறி இருக்கிறது. 1970களுக்கு முந்தைய பைப் இஞ்ச் அளவில் இருக்கும். அரை இஞ்ச் பைப்பில் 15 மில்லிமீட்டர் ஃபிட்டிங் அப்படியே உட்காரும். முக்கால் இஞ்ச் பைப்பில் 22 மில்லிமீட்டர் ஆலிவ் சேராது. அதற்கென்று உள்ள ஆலிவை வாங்கிக்கொண்டு போங்கள்.

ஹோஸை இழுத்துப் பிடித்து மாட்டாதீர்கள். முறுக்கலும் கூடாது, கூர்மையான மடிப்பும் கூடாது. நட்டை இறுக்கும்போது ஹோஸ் சேர்ந்து சுழல்கிறதா என்று கண் அதிலேயே இருக்கட்டும். உள் துளை பைப்பைவிடக் குறுகலானது என்பதால், அழுத்தம் குறைந்த வீட்டில் 15 மில்லிமீட்டர் ஹோஸ் போட்டுக் காசு மிச்சம் பிடிப்பது புத்தியில்லை. இங்கிலாந்து, வேல்ஸில் 1999ஆம் ஆண்டின் நீர்ப் பொருத்து விதிகள் இருப்பதால், டபிள்யூ.ஆர்.ஏ.எஸ். ஒப்புதல் பெற்ற ஹோஸாகப் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீரைத் திறந்ததும் ஒவ்வொரு மூட்டையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைப் பேப்பர் காட்டிக்கொடுக்கும். சுடுதண்ணீரையும் சில நிமிஷம் ஓடவிட்டு மறுபடி துடையுங்கள். முடிந்தால் தொட்டியின் பக்கப் பலகையை ஓர் இரவு திறந்தே வைக்கச் சொல்லுங்கள். மாட்டும்போது ஸ்க்ரூவால் மாட்டுங்கள், சிலிகான் போட்டு ஒட்டாதீர்கள். ஹோஸ் மாட்டிய மாதமும் வருஷமும் பில்லில் எழுதிக் கொடுங்கள். ஹோஸுக்கு ஆயுள் உண்டு, மாற்றும் நாள் வரும்போது அந்தப் பில்லில் இருக்கும் நம்பர் உங்களுடையதாக இருக்கும்.