படகின் புறப்பூச்சு

மாமல்லபுரத்திற்குத் தெற்கே கொக்கிலமேடு முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலோரமாய்ச் செல்வோர், மணலில் வரிசையாய்க் கிடக்கும் பைபர் படகுகளைக் காண்பர். பழந்தமிழ் நூல்கள் கூறும் திமிலும் அம்பியும் மரத்தாலானவை. ஆங்கில மொழிக்குத் தன் பெயரை ஈந்த கட்டுமரமும் அத்தகையதே. இன்றோ கண்ணாடி இழையும் பிசினும் மரத்தின் இடத்தைப் பெரிதும் கொண்டன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையில் பல்லாயிரம் கலங்களைச் சிதைத்தபின் இம்மாற்றம் விரைவுற்றது. இப்படகுகளைக் காக்கும் ஜெல்கோட் என்னும் புறப்பூச்சின் இயல்பை ஈண்டு ஆராய்வோம்.

ஜெல்கோட் என்பது வண்ணம் கலந்த பாலியெஸ்டர் பிசின். அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டரே. இதனினும் மிக மெலிதாயின் சரிவர இறுகாது; மிகத் தடித்தால் வெடிக்கும். சுவரெழுப்பிய பின் சுண்ணாம்பு பூசுதல் உலக வழக்கு. படகு கட்டுவோர் செய்வது இதற்கு மறுதலை. மெழுகிட்ட அச்சின் உட்புறத்தில் முதற்கண் ஜெல்கோட்டைப் பூசி, அதன்மேல் இழைப்பாயையும் பிசினையும் அடுக்கடுக்காய்ப் பதிப்பர். அச்சினின்று பெயர்த்தெடுக்கையில், முதலில் இட்டதே புறத்தோலாய் விளங்கும்.

இப்பூச்சு ஈரம் உலர்வதால் இறுகுவதன்று. கோபால்ட் சேர்ந்த பிசினில் கேட்டலிஸ்ட்டை நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு வரை கலந்தவுடன், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, வெப்பத்தை வெளியிட்டுக் கெட்டிப்படும். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரே கலத்தல் ஒருகாலும் ஆகாது; தீயும் வெடிப்பும் விளையும். சித்திரை வெயிலில் கலவை பாத்திரத்திலேயே கட்டியாகிவிடுமாதலின், நிழலில் சிறுகச் சிறுகக் கலத்தல் நன்று. அதற்கஞ்சிக் கேட்டலிஸ்ட்டை மிகக் குறைப்பின், பூச்சு முழுதும் இறுகாமற் போகும்.

காற்றிலுள்ள பிராணவாயு இவ்விறுக்கத்தைத் தடுக்கும். அச்சைத் தொடும் முகத்திற் காற்றில்லை. அது நன்கு இறுகும். காற்றை நோக்கிய முகம் பிசுபிசுக்கும். அப்பிசுபிசுப்பே அடுத்த அடுக்கைப் பற்றிக்கொள்ளும். தொட்டால் ஒட்டவேண்டும், விரலோடு வரலாகாது, அதுவே பதம். பதத்திற்கு முன் இழையைப் பதித்தால், மேலிடும் பிசினிலுள்ள ஸ்டைரீன் பூச்சிற் புகுந்து, அதனை முதலைத்தோல் போற் சுருக்கும்.

கலிலேயாக் கடலோரத்திற் படவிலிருந்து வலைகளைப் பழுதுபார்த்த மீனவரைத் திருமறையிற் காண்கின்றோம். பழுதுபார்த்தலும் மீன்பிடித்தலின் ஒரு கூறே. சிதைந்த பைபர் படகை நன்னீரால் உப்பறக் கழுவி உலர்த்தி, பழுதுற்ற இடத்தைச் சரிவாய்த் தேய்த்து, இழையைப் பதித்து, இறுதியில் ஜெல்கோட் பூசவேண்டும். இங்கே புறமுகமே காற்றை நோக்குகின்றது. அச்சில் நட்பாயிருந்த குணம் ஈண்டுப் பகையாகின்றது. ஆகலின் ஜெல்கோட்டில் மெழுகுக் கரைசலைச் சேர்ப்பர். மெழுகு மேலெழுந்து காற்றை மறைக்கும். அன்றேல் பிளாஸ்டிக் தாளைப் படிய விரிப்பர். இறுகியபின் உப்புத்தாளால் தேய்த்து மெருகிடுவர்.

தொடுகையிற் கெட்டியாயிருப்பது முழு இறுக்கமன்று. அதற்குப் பல நாள் செல்லும். இங்கேதான் மீனவர்க்கு இடர் நேர்கின்றது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உண்டு. சிறு பைபர் படகுகளுக்கு அத்தகைய ஓய்வில்லை. ஐப்பசி கார்த்திகையிற் கொந்தளிக்கும் கடல் அவற்றைக் கரையில் நிறுத்துமாயினும், அந்நாளின் ஈரமே பூச்சிற்குக் கேடாம். பூச்சிற்கு உகந்த தெளிந்த நாளோ மீனுக்கும் உகந்த நாள். அன்றன்றைய மீனை நம்பி அடுப்பெரிக்கும் இல்லத்திற்கு ஒரு வார இழப்பு எளிதன்று. ஆயினும் முற்ற இறுகாப் பூச்சினூடே நீர் ஊறிக் கொப்புளங்களை எழுப்பும். நாளடைவில் இழையின் வலிமையும் குன்றும்.

அரை மில்லிமீட்டர்ப் பூச்சிற்கு அப்பாற் கடல் நிற்கின்றது. அச்சிறு கனம் பதம்பெறும் வரை காத்திருத்தல் சோம்பலன்று. கடல் புகுவார் தம் உயிர்க்கும் பிழைப்பிற்கும் தேடும் அரணேயாகும்.