யானையின் தும்பிக்கையில் ஏன் தண்ணீர் வரவில்லை?

சித்திரைத் திருவிழா ஊர்வலத்தில் எங்கள் பள்ளிக்கு ஒரு டிராக்டர் டிரெய்லரை ஒதுக்குவார்கள். "வெயில்ல நிக்கிறவங்க மேல தண்ணி தெளிக்கிற யானை செய்யலாம் சார்" என்றார்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள். 'விசையும் அழுத்தமும்' பாடத்தைச் செய்து காட்ட நல்ல வாய்ப்பு என்று நானும் ஒத்துக்கொண்டேன். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று சனிக்கிழமைகள் ஆயின.

முதல் சனிக்கிழமை: மட்டம்

மூங்கில் பிளாச்சும் சாக்கும் கொண்டு யானை தயாரானது. 200 லிட்டர் டிரம்மை டிரெய்லர் தளத்தில் வைத்து, அதன் அடிக்குழாயிலிருந்து ஒரு ஹோஸைத் தும்பிக்கை நுனிவரை கொண்டு சென்றோம். டிரம்மின் உயரம் 3 அடி. தூக்கிய தும்பிக்கையின் நுனியோ 5 அடி உயரத்தில் இருந்தது. குழாயைத் திறந்தோம். ஒரு சொட்டும் வரவில்லை.

நீர் தன் மட்டத்துக்கு மேல் தானாக ஏறாது என்று ஆண்டுதோறும் கற்பிப்பவன் நான். இருந்தும் கவனிக்கவில்லை. விடையைச் சொல்லாமல், ஹோஸின் நுனியை மெதுவாக இறக்கச் சொன்னேன். டிரம்மில் உள்ள நீர்மட்டத்துக்குக் கீழே வந்ததும் தண்ணீர் கொட்டியது. இன்னும் இறக்கினால் வேகம் கூடியது. ஒவ்வோர் உயரத்திலும் ஒரு குவளை நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று அட்டவணை போட்டார்கள்.

"டிரம்மை மேலே ஏத்திடலாம் சார்" என்றான் ஒருவன். 200 லிட்டர் என்றால் 200 கிலோ. ஓடும் வண்டியில் அந்த எடை உயரத்தில் இருந்தால் வண்டி சாயக்கூடும். அதனால் டிரம்மைத் தளத்திலேயே கயிற்றால் கட்டிவிட்டு, தும்பிக்கையைத் தொங்கவிட்டோம்.

இரண்டாம் சனிக்கிழமை: துளை

தும்பிக்கை நுனியில் குறுக்காக ஒரு பிவிசி குழாயைப் பொருத்தி, 3 மி.மீ. விட்டத்தில் 40 துளைகள் போட்டேன். முதல் சில துளைகளில் மட்டும் தண்ணீர் வந்தது. மற்றவை வடிந்தன. அறிவியல் வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவன் சொன்னான்: "எங்க தோட்டத்துல டிரிப் பைப்புல ஓட்டை பெருசாயிட்டா கடைசிச் செடிக்குத் தண்ணி போகாது சார்."

அவன் சொன்னதைக் கணக்காக்கினோம். குழாயின் உள்விட்டம் 15 மி.மீ.; பரப்பு சுமார் 177 சதுர மி.மீ. 3 மி.மீ. துளை ஒன்றின் பரப்பு சுமார் 7. 40 துளைகளுக்கு ஏறத்தாழ 283. தண்ணீர் வரும் வழியைவிடப் போகும் வழி பெரிது! துளையை 1 மி.மீ. ஆக்கினால் மொத்தப் பரப்பு எவ்வளவு என்று கேட்டேன். "மூணுல ஒரு பங்கு" என்றது வகுப்பு. கணக்கிட்டபோது 31 வந்தது, ஒன்பதில் ஒரு பங்கு. வட்டத்தின் பரப்பில் ஆரம் ஏன் இருமுறை பெருக்கப்படுகிறது என்பது அன்று பலருக்குப் புரிந்தது. புதிய குழாயில் 40 துளைகளிலும் சீராகத் தண்ணீர் வந்தது.

மூன்றாம் சனிக்கிழமை: ஒரு கேள்வி

இன்னும் தூரம் பீய்ச்ச வேண்டும் என்று ஒரு மாணவன் வீட்டிலிருந்து கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். "நல்ல யோசனை" என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "சார், அது மருந்தடிக்கிற டேங்க்தானே?"

எனக்குச் சொரேர் என்றது. பூச்சிக்கொல்லி நிரப்பிய தொட்டியை எத்தனை முறை கழுவினாலும் குழாயிலும் வாஷரிலும் எச்சம் தங்கியிருக்கலாம். வெயிலுக்கு வாயைத் திறந்து தண்ணீரை ஏந்தும் சின்னக் குழந்தைகள் வரிசையில் நிற்பார்கள். தெளிப்பானைத் திருப்பி அனுப்பினேன். "நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவள் கேட்டது சரி" என்று வகுப்பு முன்னால் சொன்னேன்.

மாற்று வழியை மதுரையிலிருந்து எடுத்தோம். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வேடமிட்ட பக்தர்கள் தோல்பையை அழுத்தித் தண்ணீர் பீய்ச்சுவார்கள். அங்கே மோட்டார் இல்லை, கை அழுத்தம்தான். குடிநீர்ப் பாட்டில் மூடிகளில் சிறு துளைகள் போட்டோம். பாட்டிலை அழுத்தினால் எல்லாத் துளைகளிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் பாய்ந்தது. பாஸ்கல் விதிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அன்று மாலை ஒரு மாணவனின் தாய் வாசலில் நின்று கேட்டார்: "குடத்தோட வரிசையில நிக்கிறோம். நீங்க ரோட்டுல ஊத்தப் போறீங்களா?" பதில் சொல்லும் பொறுப்பை மாணவர்களிடமே விட்டேன். ஒரு நிமிடம் வாளியில் பிடித்து அளந்தார்கள்: 4 லிட்டர். ஒரு டிரம் 50 நிமிடம் வரும். நிழலில்லாத மூன்று இடங்களில் மட்டும், வண்டியை நிறுத்தி, ஐந்தைந்து நிமிடம் திறப்பது என்று முடிவு செய்தார்கள். 60 லிட்டர் போதும். அதுவும் குடிநீர் அல்ல. ஒரு மாணவனின் தோட்டத்துக் கிணற்று நீர். அந்த அம்மா கணக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, அளந்துதான் ஊத்துங்க" என்றார்.

வகுப்பில் செய்து பார்க்க

1. பாட்டிலின் பக்கவாட்டில் மூன்று உயரங்களில் துளையிட்டு, எந்தத் துளையின் நீர் வேகமாக வெளியேறுகிறது என்று கவனிக்கச் செய்யலாம். துளையிடுவதை ஆசிரியரே செய்ய வேண்டும்.
2. துளையின் விட்டத்தை இரு மடங்காக்கினால் பரப்பு எத்தனை மடங்காகும் என்பதை முதலில் ஊகிக்கவும், பிறகு கணக்கிடவும் சொல்லலாம்.
3. வீட்டில் ஒழுகும் குழாயின் நீரை ஒரு மணி நேரம் பிடித்து, ஒரு நாளில் வீணாகும் அளவைக் கணக்கிடச் சொல்லலாம்.

ஊர்தி செய்பவர்கள் மின்மோட்டாரைத் தவிர்ப்பது நல்லது. நனைந்த பிள்ளைகளுக்கு அருகில் மின்சாரம் வேண்டாம். வண்டி நகரும்போது பிள்ளைகள் சக்கரத்தின் அருகே வராதபடி இருபுறமும் பெரியவர்கள் நடக்க வேண்டும்.

இந்த ஆண்டு வகுப்புத் தேர்வில் நான் வைத்த ஒரு வினா: 'யானையின் தும்பிக்கையில் முதல் நாள் ஏன் தண்ணீர் வரவில்லை?' தோட்டத்து மாணவன் படம் வரைந்து, நீர்மட்டத்துக்குக் கோடு போட்டு விளக்கியிருந்தான். முழு மதிப்பெண் கொடுத்தேன்.